'கடைசி தடவைம்மா... 500 ரூபா அனுப்பு': போதையில் சிக்கிய மகனிடம் பெற்றோர் எங்கே கோடு போடுவது?

இரவு 11 மணி. 26 வயது மகனிடமிருந்து போன். "500 ரூபா ஜிபே பண்ணும்மா. இதான் கடைசி தடவை." போன வாரமும் இதையேதான் சொன்னான். பணம் எதற்குப் போகிறது என்று அம்மாவுக்குத் தெரியும். அனுப்பாவிட்டால் என்ன செய்வானோ என்ற பயமும் இருக்கிறது. அனுப்பிவிடுகிறார்.

கஞ்சா, வலி நிவாரணி மாத்திரை, மெத்தபெட்டமைன் எனப் பொருள் மாறலாம். ஆனால் பல வீடுகளில் நடப்பது இதுதான். பள்ளிப் பிள்ளை என்றால் கையைப் பிடித்து மருத்துவரிடம் கூட்டிப் போகலாம். 18 வயது தாண்டிய பிள்ளையை என்ன செய்வது?

எல்லை என்றால் என்ன?

"இனிமே நீ அதைத் தொடக் கூடாது" என்பது கட்டளை. அதை நிறைவேற்ற வேண்டியது பிள்ளை. "இனிமே நாங்க கையில காசு தர மாட்டோம்" என்பதுதான் எல்லை. அதை நிறைவேற்றப்போவது பெற்றோர்.

பிள்ளையின் பழக்கம் பெற்றோர் கையில் இல்லை. அவர்களுடைய பணமும் வீடும் அவர்கள் கையில் இருக்கின்றன.

எது உதவி, எது உபத்திரவம்?

மகன் வாங்கிய கடனை அடைப்பது, மேனேஜருக்கு போன் போட்டு "அவனுக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்வது, அடகு வைத்த நகையைச் சத்தமில்லாமல் மீட்பது எல்லாமே பாசத்தில் செய்வதுதான். ஆனால் போதையால் வரும் விளைவு பிள்ளையைத் தொடாமல் போகிறது.

எந்த உதவிக்கும் ஒரே கேள்வி போதும்: இது சிகிச்சைக்குப் போவதை எளிதாக்குகிறதா, போதையைத் தொடர்வதை எளிதாக்குகிறதா? சாப்பாடு, மருத்துவமனைச் செலவு முதல் வகை. கைக்காசு, பைக் டியூ இரண்டாவது வகை.

"கல்யாணம் பண்ணி வெச்சா திருந்திடுவான்" என்பதும் இரண்டாவது வகைதான். பழக்கம் அப்படியே இருக்கும். அதைச் சுமக்க இன்னொரு வீட்டுப் பெண் வந்து சேர்வார்.

எப்படிச் சொல்வது?

* போதையில் இருக்கும்போது பேச வேண்டாம். தெளிந்த பிறகு, சத்தம் போடாமல் சொல்ல வேண்டும்.

* அம்மா, அப்பா, அக்கா, பாட்டி எல்லோரும் ஒரே பேச்சில் நிற்க வேண்டும். பாட்டி முந்தானையில் முடிந்து வைத்துத் தரும் 200 ரூபாய் போதும், எல்லை உடைந்துவிடும்.

* செய்ய முடிந்ததை மட்டும் சொல்ல வேண்டும். "வீட்டை விட்டுத் துரத்திடுவேன்" என்று பத்து தடவை சொல்லி ஒரு தடவையும் செய்யாவிட்டால், அடுத்து எதைச் சொன்னாலும் எடுபடாது.

உதாரணமாக இப்படிச் சொல்லலாம்: "தம்பி, இனிமே உன் கையில காசு தர மாட்டோம். உன் கடனையும் அடைக்க மாட்டோம். வீட்ல சாப்பாடு எப்பவும் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நீ ராத்திரி ரெண்டு மணிக்குச் சொன்னாலும் அப்பா வண்டிய எடுப்பாரு."

முதல் சில வாரங்கள் கெஞ்சலும் கோபமும் அதிகமாகலாம். பத்து முறை மறுத்துவிட்டுப் பதினோராவது முறை கொடுத்தால், விடாமல் கேட்டால் கிடைக்கும் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

பேச்சை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய 'கிராஃப்ட்' என்ற குடும்பப் பயிற்சி இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. போதை இல்லாத நாளில் சேர்ந்து சாப்பிட வேண்டும், பேச வேண்டும், பாராட்ட வேண்டும். போதையோடு வந்தால் சண்டை போடாமல் விலகிவிட வேண்டும். சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்டு மடக்குவதைவிட, இந்த வழியில் அதிகம் பேர் சிகிச்சைக்கு வந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. மூட வேண்டியது பர்ஸைத்தான், கதவை அல்ல.

எல்லை பார்க்கக் கூடாத நேரம் எது?

* எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக இருக்கிறது, உதடு நீலமாகிறது என்றால் உடனே 108.

* "செத்துடுவேன்" என்றால் வெறும் மிரட்டல் என்று தள்ளக் கூடாது. பணம் கொடுப்பதும் தீர்வல்ல. தனியே விடாமல் 14416 டெலி மானஸ் எண்ணை அழைக்க வேண்டும், அல்லது மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

* அடிதடி என்றால் 112. பெண்களுக்கு 181.

* மது, தூக்க மாத்திரைப் பழக்கம் உள்ளவரை அறையில் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்தச் செய்தால் வலிப்பு வரலாம். ஹெராயின், ஓபியாய்டு வலி நிவாரணி போன்றவற்றைச் சில வாரம் நிறுத்தியவர் மீண்டும் பழைய அளவையே எடுத்தால் உயிரே போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

"வெளியே சொன்னா கேஸ் ஆயிடுமே" என்ற பயத்தில் பல குடும்பங்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றன. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. போதைப்பொருள் பயன்படுத்திய அல்லது சிறிய அளவில் வைத்திருந்த வழக்கில் சிக்கியவர், அரசு அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து முழுமையாகச் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு கிடைக்கும்.

ஆனால் வீட்டில் வைத்து விற்பது தெரிந்தும் அனுமதித்தால், 25-வது பிரிவின்படி வீட்டுக்காரர் மீதே வழக்கு பாயலாம்.

போதைப் பழக்கம் தொடர்பான மனநலப் பாதிப்புகள் 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. அந்தச் சட்டப்படி சங்கிலியால் கட்டி வைப்பது குற்றம். சேர்க்கும் முன் மையம் பதிவு பெற்றதா என்று பார்ப்பது அவசியம்.

பிள்ளை வரவே மாட்டேன் என்றால்?

பெற்றோர் மட்டும் போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும், சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் ஆலோசனை பெறலாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் கிடையாது.

அடுத்த முறை இரவு 11 மணிக்கு போன் வரும்போது அம்மா எடுக்கலாம். "காசு இல்லப்பா. சாப்பிட்டியா? வீட்டுக்கு வா" என்று சொல்லலாம்.