வானமும் நேரம் தவறாது
லயத்து முற்றத்திலிருந்து வானம் பார்ப்போம்



சென்ற இதழில் குடிதண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது பற்றி எழுதியிருந்தோம். இம்முறை வானத்தைப் பற்றி எழுதுகிறோம். "கொழுந்து எடுக்கிறவங்களுக்கு வானத்துல என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. அதற்கு ஒரு சம்பவத்தை முதலில் சொல்ல வேண்டும்.

2019 டிசெம்பர் 26 ஆம் திகதி காலையில் சூரிய கிரகணம் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். யாழ்ப்பாணப் பக்கம் சூரியன் நெருப்பு வளையம் போலத் தெரிந்தது. நம் மலையகத்தில் சூரியனின் பெரும்பகுதி மறைந்தது. அன்று நம் தோட்டத்தில் ஏழு மாதக் கர்ப்பிணித் தாய் ஒருவரை விடியற்காலையிலேயே காம்பராவுக்குள் வைத்துக் கதவைப் பூட்டி, ஜன்னலைச் சேலையால் மூடிவிட்டார்கள். சாப்பாடு இல்லை, ஒரு வாய் தண்ணீர்கூட இல்லை. மத்தியானம் கதவைத் திறந்தபோது அவர் மயங்கிக் கிடந்தார். தூக்கிக்கொண்டு ஓடினோம். கடவுள் புண்ணியத்தில் தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

வீட்டாரைக் குறை சொல்ல மாட்டோம். அவர்கள் அன்பினால்தான் அப்படிச் செய்தார்கள். கிரகணம் வரும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். இருந்தும் நாம் லயம் லயமாகப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குறை நம்முடையது. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறோம்.

சூரியனும் மலையும்

வானம் படிக்கக் காசு வேண்டாம், கண்ணாடி வேண்டாம். முதல் பாடம் பிரட்டுக்களத்திலேயே இருக்கிறது. காலையில் பிரட்டுக்கு நிற்கும்போது சூரியன் எந்த மலைக்குப் பின்னால் கிளம்புகிறது என்று பாருங்கள். மார்ச் 21, செப்டெம்பர் 23 திகதிகளை ஒட்டி அது நேர் கிழக்கில் உதிக்கும். ஜூன் 21 வாக்கில் வடக்கே தள்ளிப் போயிருக்கும். டிசெம்பர் 22 வாக்கில் தெற்கே போயிருக்கும்.

எவ்வளவு தூரம் தள்ளும்? கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கிக் கொள்ளுங்கள். அந்த முஷ்டியின் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 பாகை. ஜூன் மாதத்துக்கும் டிசெம்பர் மாதத்துக்கும் இடையில் சூரியன் உதிக்கும் இடம் கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி நகரும். முப்பது வருஷம் மலைக்குப் போன பாட்டிமார் இதை எப்போதோ கண்டிருக்கிறார்கள். "மார்கழியில அந்தப் பாறைகிட்ட வரும், ஆனியில கோயில் மரத்துப் பக்கம் வரும்" என்று சொல்வார்கள். அதுவும் வானியல்தான்.

இன்னொன்று. ஏப்ரல் மாத முற்பகுதியில், மத்தியானம் 12 மணி தாண்டிப் பத்து நிமிடமளவில் வெட்ட வெளியில் நின்று பாருங்கள். உங்கள் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். சூரியன் நேர் உச்சியில் இருக்கும். செப்டெம்பர் ஆரம்பத்திலும் இப்படித்தான்.

சந்திரன்

சந்திரன் ஒவ்வொரு நாளும் முந்திய நாளைவிடச் சராசரியாக 50 நிமிடம் பிந்தி உதிக்கும். பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே கிளம்பும். அடுத்த நாள் விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து வரும். அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு ஏறக்குறைய 29½ நாள்.

வெளிநாட்டுப் படப் புத்தகங்களில் மூன்றாம் பிறை செங்குத்தாக நிற்கும். நம் வானத்தில் அது தோணி போல மல்லாந்து கிடக்கும். பிள்ளைகள் தோணி மாதிரி வரைந்தால் தப்பு என்று அடிக்க வேண்டாம். நாம் பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு அப்படித்தான் தெரியும். பிள்ளை தன் கண்ணால் கண்டதைத்தான் வரைந்திருக்கிறது.

விடிவெள்ளி

மினுக்காமல் பளிச்சென்று எரியும் விடிவெள்ளி நட்சத்திரம் அல்ல. அது சுக்கிரன், அதாவது வெள்ளிக் கோள். பூமியைப் போலவே சூரியனைச் சுற்றுகிறது. சில மாதங்கள் விடியற்காலையில் கிழக்கே தெரியும். சில மாதங்கள் பொழுது சாய்ந்ததும் மேற்கே தெரியும். இரண்டும் ஒன்றேதான். நடுச்சாமத்தில் மட்டும் நம் வானத்தில் அதைக் காண முடியாது. அது சூரியனை விட்டு அதிக தூரம் விலகிப் போவதில்லை.

நட்சத்திரங்கள்

பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இதை 'உடு' என்று போட்டிருக்கும். நாம் வெள்ளி என்போம், நட்சத்திரம் என்போம். எல்லாம் ஒன்றுதான்.

தை மாதம் இரவு எட்டு மணிபோல் கிழக்கே நன்றாக நிமிர்ந்து பாருங்கள். வரிசையாக, நெருக்கமாக மூன்று நட்சத்திரங்கள் இருக்கும். இதுதான் வேடன் என்னும் கூட்டத்தின் இடுப்புப் பட்டி. இந்த மூன்றும் ஏறக்குறைய நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும். இருட்டில் திசை தெரியாதவருக்கு இது நல்ல துணை. அந்த வரிசையைத் தெற்குப் பக்கமாக நீட்டினால், இரவு வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரமான சீரியஸ் வரும். மற்றப் பக்கம் நீட்டினால் சிவந்த ரோகிணி வரும். அதையும் தாண்டினால் சின்னக் கொத்தாகக் கார்த்திகை. கண் நல்ல கூர்மையா என்று பார்க்க அதை எண்ணிப் பாருங்கள். ஆறு தெரிந்தால் கண்ணுக்குக் குறையில்லை.

வேடன் கூட்டத்தில் ஒரு மூலையில் சிவப்பாக இருப்பது திருவாதிரை. அதற்கு எதிர் மூலையில் ஒன்று நீலம் கலந்த வெள்ளையாக மின்னும். ஏன் இந்த நிற வித்தியாசம்? கவ்வாத்துக் கத்தி தட்டும் கொல்லனின் அடுப்பைப் பார்த்திருப்பீர்கள். இரும்பு முதலில் சிவக்கும், சூடு ஏற ஏற வெளுக்கும். நட்சத்திரமும் அப்படித்தான். சிவப்பு, சூடு குறைந்தது. வெள்ளையும் நீலமும் சூடு கூடியது. எல்லாமே நம் சூரியனைப் போன்ற நெருப்புக் கோளங்கள். தூரத்தில் இருப்பதால் புள்ளியாகத் தெரிகின்றன.

எவ்வளவு தூரம்? சூரியனின் வெளிச்சம் நம்மிடம் வர எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கும். சீரியஸின் வெளிச்சம் வர எட்டரை வருஷத்துக்கு மேல் எடுக்கும். எட்டு வயதுப் பிள்ளை இன்று அதைப் பார்த்தால், அந்த வெளிச்சம் புறப்பட்டபோது பிள்ளை தாயின் வயிற்றில் இருந்திருக்கும்.

சித்திரை, வைகாசியில் இரவு ஒன்பது பத்து மணிக்குத் தெற்கே தென் சிலுவை நான்கு நட்சத்திரமாக நிற்கும். அதே நேரம் வடக்கே ஏழு நட்சத்திரம் கொண்ட சப்தரிஷி மண்டலம். அதன் வாலில் நடுவில் இருப்பவர் வசிட்டர், அவரை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. கல்யாண வீட்டில் பட்டப்பகலில் அருந்ததி காட்டுகிறோம், மாப்பிள்ளையும் தெரிந்தது மாதிரித் தலையாட்டுகிறார்! வைகாசி இரவில் வந்து மெய்யாகவே பாருங்கள். ஆனால் துருவ நட்சத்திரத்தைத் தேடி ஏமாற வேண்டாம். அது நமக்கு ஒரு முஷ்டி உயரம்கூட இல்லை. பெரும்பாலும் மலைக்குப் பின்னால் ஒளிந்துவிடும்.

ஒரு கணக்கை மனதில் வையுங்கள். எந்த நட்சத்திரமும் ஒரு நாளைக்கு 4 நிமிடம் முந்தி உதிக்கும். மாதத்துக்கு 2 மணித்தியாலம். இன்று ஒன்பது மணிக்கு நிற்கும் இடத்தில் அடுத்த மாதம் ஏழு மணிக்கே நிற்கும். பிரட்டுக்கு நாம் பிந்தலாம், நட்சத்திரம் பிந்தாது.

கிரகணம்

இப்போது கிரகணத்துக்கு வருவோம். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தோடம்பழம் பூமி. ஒரு சின்னத் தேசிக்காய் சந்திரன். இரண்டுக்கும் இடையில் ஏழடி தூரம் விடுங்கள், மெய்யான அளவும் ஏறக்குறைய அந்தக் கணக்குத்தான். ஒரு பக்கம் டோர்ச் லைட்டைப் பிடியுங்கள், அது சூரியன். தேசிக்காயின் நிழல் தோடம்பழத்தில் விழுந்தால் சூரிய கிரகணம். தோடம்பழத்தின் நிழலுக்குள் தேசிக்காய் போனால் சந்திர கிரகணம். சந்திரன் செல்லும் பாதை ஐந்து பாகை சரிந்திருப்பதால் மாதா மாதம் நிழல் படுவதில்லை.

"அப்ப ராகு முழுங்கலையா ஐயா?" என்று ஒரு பாட்டி கேட்டார். நாம் சொன்னோம்: "பாட்டி, பஞ்சாங்கத்துல கிரகணம் எத்தனை மணிக்குப் புடிக்கும், எத்தனை மணிக்கு விடும்னு முன்னாடியே போட்டிருக்கே. பாம்புக்குப் பசிக்கிற நேரத்தை யாரு கணக்குப் போட முடியும்? சூரியனும் சந்திரனும் நேரம் தவறாம நடக்கிறதாலதான் கணக்கு வருது." பாட்டி சிரித்துவிட்டார்.

ஆகவே தாய்மாருக்குச் சொல்கிறோம். கிரகண நிழலால் வயிற்றுப் பிள்ளைக்கு உதடு பிளக்காது, ஊனம் வராது. பட்டினியும் தண்ணீர் இல்லாமையும்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதி. கிரகண நாளிலும் வேளைக்குச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், கிளினிக் நாளாக இருந்தால் கட்டாயம் போங்கள். கோயில் வழக்கம், குளிப்பு, கும்பிடு உங்கள் விருப்பம். பட்டினி மட்டும் வேண்டாம்.

மெய்யான ஆபத்து ஒன்று உண்டு. சூரியனை நேரே பார்க்கக் கூடாது. கிரகண நேரத்திலும் கூடாது. எக்ஸ்ரே படம், கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் தண்ணீர் எதுவும் கண்ணைக் காப்பாற்றாது. வலியே தெரியாமல் பார்வை போய்விடும். ஒரு மட்டையில் ஊசியால் துளை போட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, அந்த வெளிச்சத்தை வெள்ளைத் தாளில் விழ வையுங்கள். 2019 இல் தேயிலை மலையில் நிழல் மரங்களின் அடியைக் கவனித்தவர்கள், இலை இடுக்கு வழியாகத் தரையெல்லாம் நூற்றுக்கணக்கான பிறைகள் விழுந்ததைக் கண்டார்கள். ஒவ்வொன்றும் சூரியனின் படம்.

சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் தாராளமாகப் பார்க்கலாம். 2025 செப்டெம்பர் 7 ஆம் திகதி, போயா இரவு, முழுச் சந்திர கிரகணம் வந்தது. இம்முறை நாம் ஒரு கிழமைக்கு முன்பே லயம் லயமாகச் சொல்லி வைத்தோம். இரவு பத்து மணிக்குச் சற்று முன் நிழல் கடிக்கத் தொடங்கியது. பதினொரு மணிக்கு முழுச் சந்திரனும் செம்பு நிறமானது. பூமியின் காற்றைக் கடந்து வரும் சிவந்த வெளிச்சம் மட்டும் சந்திரனில் படுவதால்தான் அந்த நிறம். மாலைச் சூரியன் சிவப்பதும் அதே காரணத்தால்தான்.

மேகம் வந்து வந்து மறைத்தது. ஆனாலும் முற்றத்தில் சாக்கு விரித்து இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். 2019 இல் மயங்கி விழுந்த அந்தத் தாயும் வந்திருந்தார். மடியில் அன்று வயிற்றில் இருந்த பிள்ளை, இப்போது ஐந்து வயது. "அம்மா, நெலா எப்ப வெள்ளையாகும்?" என்று பிள்ளை கேட்டது. "பன்னெண்டரைக்குள்ள ஒரு ஓரம் வெளுக்கும், பாரு" என்றார் தாய். அவர் சொன்ன நேரத்துக்கு அப்படியே வெளுத்தது.

இந்த மாதம் நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மேகமில்லாத ஓர் இரவில் இஸ்தோப்பு லைட்டை அணைத்துவிட்டு, பிள்ளைகளோடு பத்து நிமிடம் முற்றத்தில் இருங்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும். ஒரு நட்சத்திரம் எந்த மரத்துக்கு மேல், எத்தனை மணிக்கு நின்றது என்று பழைய கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். ஒரு கிழமை கழித்து அதே மணிக்கு அதே இடத்தில் நின்று பாருங்கள். நகர்ந்திருந்தால் எவ்வளவு நகர்ந்தது என்று எழுதிக்கொண்டு நம் நலன்புரி நிலையத்துக்கு வாருங்கள். சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.