ஆற்றுக்குருடும் ஊராரின் அளவுகோலும்

ஆறு இல்லாத ஊரை அழகற்ற ஊர் என்றே எண்ணிப் பழகிய நமக்கு, ஆறு ஓடுகிறது என்ற ஒரே காரணத்துக்காக நல்ல வண்டல் நிலத்தையும் வீடுவாசலையும் விட்டுவிட்டு, வறண்ட மேட்டுப் பூமிக்குக் குடிபெயர்ந்த ஜனங்கள் இருந்தார்கள் என்பதை நம்புவதே கடினம். மேற்கு ஆப்பிரிக்காவில், அன்று மேல்வோல்ட்டா என்றும் இன்று புர்கினா ஃபாசோ என்றும் பெயர் பெற்ற தேசத்திலும், அதற்குத் தெற்கே கானாவின் வடபகுதியிலும், வோல்ட்டா நதியின் கிளைகள் பாயும் பள்ளத்தாக்குகளில் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் இதுதான் நடந்து வந்தது. நோய் முற்றியிருந்த கரையோரக் கிராமங்களில் பத்துப் பேரில் ஒருவருக்குப் பார்வை கிடையாது. கண் போன பெரியவர் ஒரு கோலின் பின்முனையைப் பற்றிக்கொள்ள, முன்முனையைப் பிடித்து ஒரு சிறுவன் அவரை வழிநடத்திச் செல்வான்; பள்ளிக்கூடம் போக வேண்டிய வயது அப்படியே கழிந்துவிடும். அந்தச் சிறுவனும் நடுவயதை எட்டும்போது கோலின் பின்முனைக்கு வந்துசேரக்கூடும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஜெனீவாவில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைமையகத்திலும், வாஷிங்டனில் உலக வங்கிக் கட்டடத்திலும் இந்தக் காட்சியை வெண்கலச் சிலையாக வார்த்து வைத்திருக்கிறார்கள்.

ஆற்றுக்குருடு எனப்படும் இந்த வியாதிக்குக் காரணம் ஒரு புழு. அதைச் சுமந்து வருவது ஒரு கரிய ஈ. கூன் விழுந்தாற்போன்ற முதுகும் எள்ளளவு உடலும் கொண்ட அந்த ஈ, கொசுவைப் போலத் தேங்கிய குட்டையில் முட்டையிடுவதில்லை. பாறைகளில் மோதி நுரைத்து வேகமாக ஓடும் நீர்தான் அதற்கு வேண்டும். ஆகவே நீர்வளம் மிகுந்த இடமே ஆபத்து மிகுந்த இடமாயிற்று. நம் ஊர் யானைக்கால் நோயைத் தரும் புழுவுக்கு உறவான இந்தப் புழு, மனிதனுடைய தோலுக்கடியில் சிறு கட்டிகளாகச் சுருண்டு பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வரை உயிர் வாழ்கிறது. பெண் புழு நாள்தோறும் ஏறக்குறைய ஆயிரம் குஞ்சுகளை ஈனுகிறது. கண்ணுக்குப் புலப்படாத அக்குஞ்சுகள் தோலெங்கும் ஊர்ந்து, தாங்க முடியாத அரிப்பை உண்டாக்கி, சில காலத்தில் மடிகின்றன. கண்ணுக்குள் சென்று மடிந்தவை அங்கே எழுப்பும் அழற்சியால், ஆண்டுகள் செல்லச் செல்லக் கருவிழி வெளுத்துப் பார்வை மறைகிறது. ஈயின் கடியே இதைப் பரப்புகிறது என்பதை 1926-ல் சியரா லியோனில் பிளாக்லாக் என்ற மருத்துவர் நிரூபித்தார். நிரூபணம் ஆன பிறகும், பெரிய அளவில் நிவாரணம் தொடங்குவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது.

1972-ல் உலக வங்கியின் தலைவராக இருந்த ராபர்ட் மெக்னமாரா மேல்வோல்ட்டாவுக்குச் சென்று, கோல் பிடித்து நடந்த அந்த மனிதர்களை நேரில் கண்டார். அதன் பின் 1974-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் உலக வங்கியும் ஐக்கிய நாடுகளின் இதர அமைப்புகளும் சேர்ந்து, முதலில் ஏழு நாடுகளிலும் பின்னர் பதினொரு நாடுகளிலுமாக ஒரு பெரும் முயற்சியில் இறங்கின. ஊர் முழுவதற்கும் பயமின்றிக் கொடுக்கத்தக்க மருந்து ஏதும் கைவசம் இல்லாத காலம் அது. நோயாளியைத் தொட வழியில்லாததால் ஈயைத் தொட்டார்கள். ஹெலிகாப்டர்கள் வாரந்தோறும் ஆறுகளின் மேல் தாழப் பறந்து, புழுப்பருவத்து ஈக்களைக் கொல்லும் மருந்தை நீரில் தெளித்தன. ஒரு வாரம் தவறினாலும் புதிய ஈக்கள் சிறகு விரித்துவிடும். நோய் சுமந்த மனிதர்களின் உடலில் உள்ள புழுக்கள் மூப்படைந்து தாமாகவே மடியும் வரையில், ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு, இதை இடைவிடாமல் செய்தாக வேண்டும் என்பதே திட்டத்தின் கணக்கு. காற்றின் போக்கில் ஈக்கள் நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்து இறங்கியதும், 1980-க்குப் பிறகு சில இனங்கள் மருந்துக்கே பணியாமல் நின்றதும் அந்தக் கணக்கைக் குலைக்கப் பார்த்தன. பாக்டீரியாவிலிருந்து தயாரித்த ஒன்று உட்பட வேறு மருந்துகளை மாற்றி மாற்றித் தெளித்துச் சமாளித்தார்கள்.

ஹெலிகாப்டரைப் பற்றி எழுதியவர்கள் அநேகம். ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. தெளித்த மருந்து பலித்ததா என்று அறிய முக்கியமான வழி ஒன்று இருந்தது. உள்ளூர் ஆள் ஒருவர், விடிந்தது முதல் அந்தி சாயும் வரையில், முழங்கால் வரை ஆடையை ஒதுக்கிக் கால்களை நீட்டிக் கரையில் அமர்ந்திருப்பார். ஈ வந்து காலில் உட்கார்ந்ததும், அது கடிப்பதற்குள் சிறு கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்துப் பிடித்து மூடுவார். பிறகு அடுத்த ஈக்குக் காத்திருப்பார். பிடிபட்ட ஈக்களை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் அறுத்துப் பார்த்து, எத்தனையில் புழுக்குஞ்சு இருக்கிறது என்று எண்ணுவார்கள். பல்லாயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு நதிகளைக் காத்த அந்த விஞ்ஞானத்தின் அஸ்திவாரம், ஏழை மனிதர் ஒருவரின் காலும் அவருடைய பொறுமையுமே.

மருந்து வந்த வழி விசித்திரமானது. ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அருகே சதோஷி ஓமுரா என்ற விஞ்ஞானி எடுத்த மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து, அமெரிக்காவில் மெர்க் கம்பெனியின் வில்லியம் கேம்பலும் அவருடைய கூட்டாளிகளும் ஐவர்மெக்டின் என்ற ஔஷதத்தை உருவாக்கினார்கள். முதலில் அது மாட்டுக்கும் குதிரைக்கும்தான் விற்பனையானது. 1981-ல் முகம்மது அஜீஸ் என்ற மருத்துவரின் முயற்சியால் செனகலின் டக்கார் நகரில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; தோலில் இருந்த குஞ்சுகள் ஏறக்குறைய மறைந்தே போயின. ஆனால் இதை வாங்க வேண்டியவர்களிடம் பணம் இல்லை. அவர்களுக்காக வாங்கித் தரவும் எவரும் முன்வரவில்லை. 1987-ல் அந்தக் கம்பெனி, தேவைப்படும் வரையில் தேவைப்படும் அளவுக்கு இலவசமாகவே தருவதாக அறிவித்தது. வியாபார உலகில் அரிதான இந்தச் செய்கையைப் பாராட்டும்போதே, கால்நடைகளின் மூலம் அம்மருந்து ஏராளமாகச் சம்பாதித்துக் கொடுத்திருந்தது என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். 2015-ல் ஓமுராவுக்கும் கேம்பலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்து குஞ்சுகளைத்தான் கொல்லும், தாய்ப்புழுவைக் கொல்லாது. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையாவது, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல், ஊரில் எல்லோரும் விழுங்கியாக வேண்டும். இங்கேதான், என் அபிப்பிராயத்தில், இந்தச் சரித்திரத்தின் உண்மையான திருப்பம் இருக்கிறது. நகரத்திலிருந்து ஜீப்பில் மருத்துவக் குழு வந்து, மரத்தடியில் மேஜை போட்டு, மாலைக்குள் திரும்பிவிடும் ஏற்பாடு, வயலுக்குப் போனவனையும் சந்தைக்குப் போனவளையும் தவறவிட்டது, செலவோ அதிகம். 1990-களில் வேறொரு வழியைச் சோதித்தார்கள். ஊரார் கூடி, தங்களுக்கு நம்பிக்கையான ஒருவரையோ இருவரையோ தாங்களே தேர்ந்தெடுப்பார்கள். எந்த நாளில், எந்த இடத்தில் கொடுப்பது என்பதையும் தாங்களே முடிவு செய்வார்கள். நைஜீரியாவைச் சேர்ந்த உச்சே அமாசிகோ என்ற பெண் விஞ்ஞானி, குருட்டைக் காட்டிலும் ஓயாத அரிப்பும் தடித்துக் கறுத்த தோலும் பெண்களை ஊராரிடமிருந்து எப்படி ஒதுக்கி வைக்கின்றன என்பதை எடுத்துக்காட்டியது இந்த மாறுதலுக்குப் பெரிதும் துணை செய்தது. பிற்காலத்தில் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கான மருந்து விநியோகத் திட்டத்துக்கு அவரே தலைமை வகித்தார்.

எழுத்தறிவு அதிகம் இல்லாத ஊரிலும், தராசே இல்லாத ஊரிலும் மருந்தின் அளவை எப்படி நிர்ணயிப்பது? இதற்கும் ஒரு கோலே விடை தந்தது. ஆளை நிறுத்தி, பக்கத்தில் அளவுகோலை வைப்பார்கள். 90 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மருந்து இல்லை. 120-ஐ எட்டாதவருக்கு ஒரு மாத்திரை, அதற்கு மேல் 140 வரை இரண்டு, 158 வரை மூன்று, அதற்கும் மேலானவருக்கு நான்கு. கர்ப்பிணிகளுக்கும், பிள்ளை பெற்று ஒரு வாரம் ஆகாத தாய்மார்களுக்கும், கடும் பிணியில் கிடப்பவர்களுக்கும் கிடையாது. யார் கர்ப்பிணி, யார் வெளியூர் போயிருக்கிறார், யார் போன ஆண்டு மாத்திரையை வாயில் அடக்கி வெளியே போய்த் துப்பினார் என்பதெல்லாம் அந்த ஊர்க்காரருக்குத் தெரியும். எந்த டாக்டருக்கும் தெரியாது. நோட்டுப் புத்தகத்தில் வீடு வீடாகப் பெயர் எழுதி அவர் வைத்திருக்கும் கணக்கே பல இடங்களில் அரசாங்கத்தின் கணக்கும் ஆயிற்று.

ஹெலிகாப்டர் திட்டம் 2002-ல் முடிந்தபோது, சுமார் ஆறு லட்சம் பேரின் பார்வை காக்கப்பட்டதாகவும், இரண்டரைக் கோடி ஹெக்டேர் நிலம் மீண்டும் உழவுக்குத் தகுதி பெற்றதாகவும் மதிப்பிட்டார்கள். ஆனால் கொல்லாத வியாதிக்குப் பத்திரிகைகளில் இடம் ஏது? 1991 முதல் 2002 வரை சியரா லியோனை எரித்த உள்நாட்டு யுத்தத்தில் இந்த வேலை நின்றது. 2014-ல் எபோலா கினியையும் லைபீரியாவையும் சியரா லியோனையும் உலுக்கியபோதும், 2020-ல் கோவிட் வந்தபோதும் மாத்திரை விநியோகம் தடைப்பட்டது. எபோலாவை உலகம் முழுவதும் கண் கொட்டாமல் பார்த்தது. அதன் நிழலில் தவறிப்போன மாத்திரைகளை எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே.

2025 ஜனவரியில், ஆற்றுக்குருடு பரவுவதை முற்றிலும் நிறுத்திய முதல் ஆப்பிரிக்க நாடு என்று நைஜரை உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. 1976 முதல் 1989 வரை அங்கே ஆறுகளில் மருந்து தெளித்திருந்தார்கள். எஞ்சியிருந்ததைத் துடைத்தது, 2008 முதல் 2019 வரை யானைக்கால் நோய்க்காக ஊர் ஊராகக் கொடுத்த அதே ஐவர்மெக்டின் மாத்திரை. அதற்கு முன் கொலம்பியா, ஈக்வடார், மெக்சிகோ, குவாத்தமாலா ஆகிய நான்கு அமெரிக்க நாடுகளே அந்தப் பட்டியலில் இருந்தன. ஆனால் இந்நோய் உடையவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் ஆப்பிரிக்காவில்தான் வாழ்கிறார்கள். அவர்களுக்கு மாத்திரை சேர்ப்பவர்களில் பெரும்பாலோர், விதைப்புக் காலத்திலும் தம் வயலை விட்டுவிட்டு அளவுகோலுடன் வீடு வீடாக ஏறி இறங்கும் கூலியில்லாத் தொண்டர்கள். மருந்தை இலவசமாகத் தந்த கம்பெனிக்குக் கிடைத்த புகழில் நூற்றில் ஒரு பங்கு கூட அவர்களுக்குக் கிடைத்ததில்லை. புகழ் போகட்டும், பெரிய ஸ்தாபனங்களின் உத்தியோகஸ்தர்கள் அனைவரும் சம்பளம் வாங்கும் இந்தக் காரியத்தில் அவர்கள் மட்டும் சும்மா உழைப்பது அநீதி, நியாயமான ஊதியம் அவர்களுக்குச் சேர வேண்டும்.