நிறம் போனால் நீர் சுத்தமா?

நமது தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் பலர் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகின்றனர். அவர்கள் தைக்கும் துணிக்கு வேறெங்கோ ஓரிடத்தில் சாயம் ஏற்றப்படுகின்றது. அந்த ஊரின் தண்ணீர் என்னவாகின்றது? உமா ஓயாச் சுரங்கம் தோண்டப்பட்டபோது, 2014இன் இறுதியில் நீர் கசிந்து பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றியதை நாம் அறிவோம். ஆகவே இது எமக்கு அந்நியமான கேள்வியல்ல.

தமிழ்நாட்டிலே திருப்பூர், பனியன் துணிக்கும் சாயப்பட்டறைக்கும் பேர்போன நகரம். அதனூடாக ஓடும் நொய்யல் ஆற்றின் குறுக்கே, பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை 1992இல் திறக்கப்பட்டது. அதில் தேங்கியதோ சாயக்கழிவு நீர். வயலும் கிணறும் உப்பாயின. அணை கட்டித்தருமாறு கேட்ட விவசாயிகளே, அதில் நீரைத் தேக்க வேண்டாம் என்று மன்றாடும் நிலை வந்தது.

இத்தகைய கழிவுநீரைப் பற்றீரியாவைக் கொண்டு சுத்திகரிக்கலாம் என்பார்கள். அது உண்மையே, ஆனால் பாதி உண்மை.

சாயங்களில் பெரும்பாலானவை 'அசோ' வகையைச் சேர்ந்தவை. இரண்டு நைதரசன் அணுக்கள் இறுகக் கைகோத்து நிற்பதே அவற்றுக்கு நிறம் தருகின்றது. காற்றுப் புகாத தொட்டியில் பற்றீரியா அந்தப் பிணைப்பை அறுத்துவிடும், நிறம் மறையும். ஆனால் அறுந்த துண்டுகள் 'அமைன்' எனும் பொருட்களாக நீரில் தங்கிவிடுகின்றன. அவற்றுட் சில புற்றுநோயை விளைவிப்பவை. தெளிந்து தோன்றும் நீர் கலங்கிய நீரைவிடக் கெடுதியாயிருக்கவும் கூடும்.

எனவே இரண்டாவது தொட்டி வேண்டும். அதில் காற்றைச் செலுத்தினால் வேறு பற்றீரியாக்கள் அத்துண்டுகளைச் செரிக்கும். சாணவாயுக் குழியை மூடி வைக்கின்றோம், கூட்டெருவைக் கிளறிக் காற்றோட்டம் கொடுக்கின்றோம் அல்லவா? அந்த இரு வேலைகளும் இங்கே ஒன்றன்பின் ஒன்றாக நடைபெற வேண்டும். பட்டறையிலிருந்து வரும் நீர் சூடும் காரமும் மிக்கது; முதலில் அதை ஆற்றிச் சமன்செய்யாவிட்டால் பற்றீரியா செத்துப்போகும். சாயத்தை மட்டுமே உண்டும் அது வாழாது. வேறு தீனியும் வேண்டும்.

இனி உப்பு. பருத்தியில் சாயம் பிடிக்க, அழுத்தமான நிறமென்றால் ஒரு லீற்றர் சாயநீருக்கு 50 கிராமும் அதற்கு மேலும் உப்பிடுகின்றார்கள். எந்தப் பற்றீரியாவும் அந்த உப்பைத் தின்னாது. நொய்யல் விவசாயிகளை வீழ்த்தியது பெரும்பாலும் இதுவே. அவர்கள் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்பது நிபந்தனை. பற்றீரியாத் தொட்டிக்குப் பின் நுண்சவ்வினால் வடித்து, எஞ்சியதைக் கொதிக்கவைத்து, உப்பைப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. செலவு மிகுந்த வேலைதான். ஆனால் முன்பு அந்தச் செலவைச் சுமந்தவன் ஆற்றின் கீழ்ப்பக்கத்து விவசாயி.

எமது நாட்டில் இத்தகைய தொழிற்சாலைகளுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவை. அதன் விபரங்களை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் எழுதிக் கேட்கலாம். கேட்கும்போது நிறத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்; அமைனையும் உப்பையும் கேளுங்கள். உப்பு விடயத்தில் தோட்டமே முன்கூட்டிச் சொல்லிவிடும்: மரக்கறிகளிலே போஞ்சிதான் அதை அறவே தாங்காதது. இலையின் ஓரம் கருகத் தொடங்கினால் பாய்ச்சும் நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.