முதலீட்டாளருக்கு முன் வாங்குபவர்

மலேசியாவின் பசுமை நிதித் துறை 2017ஆம் ஆண்டை மறக்காது. அந்த ஜூலையில் தாடாவ் எனர்ஜி நிறுவனம், சபா மாநிலத்தின் குடாட்டில் சூரிய மின்நிலையம் அமைக்க 25 கோடி ரிங்கிட்டுக்குச் சுக்குக் வெளியிட்டது. இஸ்லாமிய நிதி முறையில் வெளிவந்த பசுமைப் பத்திரங்களில் உலகிலேயே அதுதான் முதலாவது. ஆண்டு முடிவதற்குள், கோலாலம்பூரின் மெர்டேக்கா 118 கோபுரத்துக்காக 200 கோடி ரிங்கிட் வரை பசுமைச் சுக்குக் திரட்டும் திட்டமும் வந்துவிட்டது. அப்படியிருக்க, கிள்ளானிலோ ஷா ஆலாமிலோ ஒரு சிறு பட்டறையில் ஆலைக் கழிவுநீரிலிருந்து எரிவாயு பிடிக்கும் கருவியைச் செய்து வைத்துக்கொண்டு இருபது லட்சம் ரிங்கிட்டுக்கு அலையும் பொறியாளருக்கு அந்தப் பணம் குதிரைக் கொம்பாகவே இருக்கிறது. நம் நாட்டில் துணிந்து பணம் போட ஆளில்லை என்று இதற்குக் காரணம் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பணம் போடுபவர்கள் இங்கே தாராளமாக இருக்கிறார்கள். பொருளை வாங்கிக்கொள்கிறேன் என்று எழுத்தில் ஒப்புக்கொள்பவர்களுக்குத்தான் பஞ்சம்.

வங்கியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது விளங்கும். அரசாங்கம் 2010இல் பசுமைத் தொழில்நுட்ப நிதித் திட்டத்தை 150 கோடி ரிங்கிட்டுடன் தொடங்கியது. வட்டியில் 2 விழுக்காட்டை அரசு ஏற்றுக்கொண்டது. கடனில் 60 விழுக்காட்டுக்கு உத்தரவாதமும் தந்தது. இதைவிடச் சலுகை வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் திட்டம் பசுமையானதுதான் என்று சான்றிதழ் கிடைத்த பிறகும், கடன் தருவதா வேண்டாமா என்ற முடிவு வங்கியின் கையில்தான் இருந்தது. மீதி 40 விழுக்காடு அதன் சொந்த ஆபத்து. ஆகவே அது வழக்கம்போல வீட்டுப் பத்திரத்தையும் கடந்த ஆண்டுகளின் கணக்கையும் கேட்டது. புதிதாகத் தொடங்கிய நிறுவனத்திடம் இரண்டும் இருப்பதில்லை.

துணிகர மூலதன நிறுவனங்களிடம் போகலாமே என்பார்கள். அங்கே இடைஞ்சல் காலத்தில் இருக்கிறது. அந்த நிதிகளின் ஆயுள் பெரும்பாலும் பத்து ஆண்டுகள். அதற்குள் பங்கை விற்று லாபத்தோடு வெளியேற வேண்டும். கைப்பேசிச் செயலிக்கு அது போதும். இரும்பும் தொட்டியும் குழாயுமாக எழும் ஆலைக்கு, முதல் மாதிரி சரியாக ஓடுவதற்கே பாதிக் காலம் போய்விடும். அமெரிக்காவே இதில் சூடுபட்டிருக்கிறது. 2006 முதல் 2011 வரை அந்நாட்டுத் துணிகர முதலீட்டாளர்கள் தூய எரிசக்தியில் 2,500 கோடி டாலருக்கு மேல் போட்டு, அதில் பாதிக்கு மேல் இழந்தார்கள் என்று எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2016இல் கணக்கிட்டார்கள். அதைப் படித்த கோலாலம்பூர் முதலீட்டாளர் தயங்கினால், அவரைக் கோழை என்று சொல்ல முடியாது.

எது பணத்தை அசைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே கண்கூடான சான்று இருக்கிறது. சிறிய புதுப்பிக்கத்தக்க மின்நிலையங்களுக்கான திட்டம் 2001இல் அறிவிக்கப்பட்டபோது, 2005க்குள் நாட்டின் மின்சாரத்தில் 5 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 500 மெகாவாட், இந்த வழியில் வரும் என்று இலக்கு வைத்தார்கள். கெடு முடிந்தபோது மின்கட்டமைப்பில் சேர்ந்திருந்தது சுமார் 12 மெகாவாட். செம்பனைக் குலைக் கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் நுட்பம் அப்போதே பழகிப்போன ஒன்றுதான். குறை அதில் இல்லை. யூனிட்டுக்குத் தொடக்கத்தில் 17 சென் என்று வரம்பு கட்டிய விலை, முதலீட்டைத் திருப்பி எடுக்கப் போதவில்லை. கழிவைத் தரும் ஆலைகளோ நீண்ட கால விலைக்குக் கையெழுத்திடத் தயங்கின. குலைக் கழிவுக்கு வேறு தேவை பிறந்தால் விலை ஏறும் என்று அவற்றுக்குத் தெரியும். விற்கும் விலையும் போதாது, மூலப்பொருளின் விலையும் நிலையில்லை என்றால் எந்த வங்கி கடன் தரும்?

பிறகு 2011ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்தது. அந்த டிசம்பர் முதல், சூரிய மின்சாரத்தை 21 ஆண்டுகளுக்கும், உயிர்வாயு மின்சாரத்தை 16 ஆண்டுகளுக்கும் நிர்ணயித்த விலையில் வாங்கியே ஆகவேண்டும் என்று மின் விநியோக நிறுவனங்களுக்குக் கட்டளை பிறந்தது. சூரிய மின்சார ஒதுக்கீட்டுக்கு அடிதடி. வங்கிகளும் நாடும் மாறவில்லை. மாறியது ஒப்பந்தம் மட்டுமே. தாடாவ் சுக்குக்கை வாங்கியவர்களும் குடாட்டின் வெயிலை நம்பியதைவிட, அந்த மின்சாரத்தை வாங்குவதற்கான நீண்ட கால ஒப்பந்தத்தையே நம்பினார்கள் என்பேன்.

பொதுமக்கள் பணத்தில் சிலருக்கு லாபம்தானே இது என்ற எதிர்ப்பு நியாயமானது. இந்த நிர்ணய விலைக்காக மின்கட்டணத்தில் 1 விழுக்காடாகத் தொடங்கிய கூடுதல் வசூல், 2014இல் 1.6 விழுக்காடானது. மாதம் 300 யூனிட்டுக்குள் செலவிடும் வீடுகளுக்கு விலக்கு இருந்தாலும், மற்றவர்கள் கட்டினார்கள். ஆனால் சூரிய மின்சாரத்தின் விலை அதே உயரத்தில் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016 முதல் பெரிய சூரிய மின்நிலையங்களுக்குத் திறந்த ஏலம் வந்தது. மூன்றாம் சுற்றில் யூனிட்டுக்கு 18 சென்னுக்கும் குறைவாகக் கேட்டவர்கள் இருந்தார்கள். முதல் திட்டத்தைப் படுக்கவைத்த விலைக்கு இது ஏறக்குறைய சமம்! உலகச் சந்தையில் சூரியத் தகட்டின் விலை விழுந்தது இதற்குப் பெரிய காரணம். ஆனாலும் அந்த விலைக்கு ஆலை கட்டக் கடன் கிடைத்ததென்றால், ஒப்பந்தம் கையில் இருந்ததும் ஒரு காரணம். வேண்டியவர்களுக்கு ஒப்பந்தம் போகுமே என்ற அச்சத்துக்கும் திறந்த ஏலம்தான் மருந்து.

இன்னொரு எதிர்ப்பு இதைவிடக் கனமானது. சூரியத் தகடு ஏற்கெனவே உலகம் முழுவதும் சோதித்துப் பார்த்த சரக்கு. கிள்ளான் பொறியாளரின் கருவி அப்படியல்ல. ஓடுமா ஓடாதா என்று தெரியாததை யார் வாங்க ஒப்புவார்கள்? அமெரிக்க எரிசக்தித் துறையின் 53.5 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தோடு 2011இல் திவாலான, புதுவகைச் சூரியத் தகடு செய்த சொலிண்ட்ராவை இங்கே காட்டுவார்கள். அதே எரிசக்தித் துறையிடம் 46.5 கோடி டாலர் கடன் வாங்கிய டெஸ்லா, 2013இல் முன்கூட்டியே முழுவதையும் அடைத்ததையும் சேர்த்துக் காட்டினால்தான் கணக்கு நேராகும். என் யோசனை சிறியது: கருவி ஓடினால் மட்டும் பணம், ஓடாவிட்டால் ஒரு சென்னும் இல்லை என்ற நிபந்தனையோடு வாங்கும் ஒப்பந்தம். வாங்குபவருக்கு இதில் இழப்பு மிகக் குறைவு. விற்பவருக்கோ வங்கியில் நீட்ட ஒரு தாள் கிடைக்கிறது. 2024இல் அரச மாநகரமாக உயர்ந்த கிள்ளானின் மாநகர் மன்றம், தன் சந்தைகளின் உணவுக் கழிவுக்கு இப்படி ஓர் ஏலம் விடலாம். இடம் தந்து, மின் இணைப்பும் கொடுத்தால் போதும். மின் இணைப்பை வலியுறுத்தக் காரணம் உண்டு. மின்கம்பி எட்டாத உட்பகுதியில் கிடக்கும் செம்பனை ஆலைகளுக்கு, விலை உத்தரவாதம் இருந்தும் இணைப்புச் செலவே தடையாகிவிடுகிறது.

இந்தியத் தொழில்முனைவோருக்கென்று அரசின் சிறுகடன் நிறுவனமான தெக்குன் வழியாக இருக்கும் ஸ்பூமி கடன், 2024இல் ஒரு லட்சம் ரிங்கிட் வரை உயர்ந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையை விரிவாக்க அது உதவும். ஓர் உயிர்வாயு ஆலையின் அடித்தளத்துக்குக்கூடக் காணாது. ஆனால் பொறுமையான பணம் எப்படித் திரளும் என்பதை நம் சமூகம் முன்பே செய்து காட்டியிருக்கிறது. துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கியது. இன்றும் அதனிடம் செம்பனைத் தோட்டங்கள் இருக்கின்றன. உறுப்பினர்களின் சேமிப்பைச் சோதிக்கப்படாத கருவியில் போடச் சொன்னால் நானே எதிர்ப்பேன். ஆனால் முதல் வாடிக்கையாளராக இருந்து, வேலை முடிந்த பின் பணம் தருவதில் அந்தச் சேமிப்புக்கு ஆபத்தில்லை.

எனவே, கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் புதிய கருவிகளோடு காத்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலீட்டாளருக்கான அடுத்த விளக்கப் படத்தொகுப்பைத் தயாரிக்கும் முன், உங்கள் கருவியை இத்தனை விலைக்கு இத்தனை ஆண்டு பயன்படுத்துவேன் என்று ஒரே ஓர் ஆலையிடமோ மன்றத்திடமோ கையெழுத்து வாங்கிவிடுங்கள். வங்கிக்கு அதற்குப் பிறகு போகலாம்.