கிளட்ச் தேய்வது ஏன், கியர் விழ மறுப்பது ஏன்? ஷில்பாட்டா நெரிசலும் நேரல் மலைப்பாதையும் சொல்லும் பாடம்

அம்பர்நாத்: தாணே மாவட்டத்தின் அம்பர்நாத்தில் கார் வைத்திருப்போருக்கு வார நாள்களில் ஒரு சோதனையும் வார இறுதியில் மற்றொரு சோதனையும் காத்திருக்கின்றன.

வார நாள்களில் காட்டை நாக்கா, ஷில்பாட்டா வழியாக நவி மும்பைக்கும், அங்கிருந்து மான்குர்த் வழியாக செம்பூர், மாட்டுங்கா, தாராவி பகுதிகளுக்கும் செல்வோர் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர வேண்டியுள்ளது. மழைக்கால வார இறுதிகளிலோ, பத்லாப்பூரைக் கடந்து நேரலில் இருந்து மாத்தேரானின் தஸ்தூரி நாக்கா வரை ஏறும் செங்குத்தான மலைப்பாதையில் கார்கள் வரிசையாக நின்று நின்று செல்கின்றன. இந்த இரண்டு பாதைகளிலும் காரில் முதலில் அடிபடும் பாகம் கிளட்ச்.

கிளட்சை இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற பொதுவான கணக்கு எதுவும் இல்லை. ஒரே மாடல் காரில் ஒருவருக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் கடந்தும் நிலைக்கும் கிளட்ச், மற்றொருவருக்கு அதில் பாதி தூரத்துக்குள் தேய்ந்துவிடுவதுண்டு. இந்த வேறுபாட்டுக்குச் சாலையும் சுமையும் ஓரளவு காரணம் என்றாலும், பெரும்பங்கு ஓட்டுநரின் இடது காலுக்கே உரியது. கோளாறின் அறிகுறியைத் தொடக்கத்திலேயே அடையாளம் காண்பது செலவைக் குறைக்கும். மலைப்பாதையில் அது உயிரையும் காக்கும்.

கிளட்ச் எவ்வாறு இயங்குகிறது?

என்ஜின் ஓடும்போது அதனுடன் இணைந்த பிளைவீல் எனும் கனமான சக்கரம் இடைவிடாமல் சுழல்கிறது. கார் நிற்கும்போது சக்கரங்கள் சுழலக் கூடாது. ஓடும் என்ஜினையும் நிற்கும் சக்கரங்களையும் தேவைப்படும்போது இணைக்கவும் பிரிக்கவும் உதவுவதே கிளட்ச்.

இதில் மூன்று முக்கிய பாகங்கள் உள்ளன. இரு புறமும் உராய்வுப் பொருள் பூசப்பட்ட கிளட்ச் பிளேட், அதனை பிளைவீலுடன் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியைத் தளர்த்தும் ரிலீஸ் பேரிங் ஆகியவையே அவை.

பெடலை முழுவதுமாக மிதித்தால் பிடி விடுபடுகிறது. காலை முழுவதுமாக எடுத்தால் பிடி இறுகுகிறது. இந்த இரு நிலைகளிலும் கிளட்ச் பிளேட் ஏறக்குறைய தேய்வதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட, ஓட்டுநர்கள் 'ஹாஃப் கிளட்ச்' என்று அழைக்கும் நிலையில்தான் பிளேட் வழுக்கிக்கொண்டே உராய்கிறது. வெப்பமும் தேய்மானமும் அந்த நிலையில்தான் உண்டாகின்றன. காரை நகர்த்தத் தொடங்கும் ஓரிரு நொடிகளுக்கு இது தேவை. நெரிசலில் பல நிமிடங்கள் இதே நிலையில் நகர்வதும், ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஹாஃப் கிளட்சிலேயே காரை நிறுத்திவைப்பதும் பிளேட்டைக் கருக்கிவிடும்.

அறிகுறிகளும் காரணங்களும்

ஆக்சிலேட்டரை மிதித்ததும் என்ஜின் சத்தம் கூடுகிறது, ஆனால் வேகம் அதற்கேற்பக் கூடவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். உயர் கியரில் ஏற்றம் ஏறும்போது இது முதலில் தெரியும். பிளேட் தேய்ந்திருப்பது பொதுவான காரணம். என்ஜினின் பின்புற ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் படிந்திருப்பதும், கேபிள் மிகவும் இறுக்கமாக இருப்பதும் பிற காரணங்கள். கேபிளைச் சரிசெய்தாலே தீரக்கூடிய சிக்கலும் இதில் அடங்கும் என்பதால், முதலில் அதனைச் சோதிக்குமாறு மெக்கானிக்கிடம் கேட்பது நல்லது.

கியர் விழ மறுத்தால் எளிய சோதனை ஒன்றை ஓட்டுநரே செய்து பார்க்கலாம். சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து ஒவ்வொரு கியராக மாற்றிப் பார்க்க வேண்டும். அடுத்து, பிரேக்கையும் சேர்த்து மிதித்தபடி என்ஜினை இயக்கி அதையே செய்ய வேண்டும். என்ஜின் அணைந்திருக்கும்போது எளிதாக விழும் கியர், என்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை. கேபிள் நீண்டிருக்கலாம். ஹைட்ராலிக் அமைப்பாக இருந்தால் திரவம் கசிந்திருக்கலாம் அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கலாம்.

இரு நிலைகளிலும் கியர் கடினமாக விழுந்தால், கியர் லீவருக்கும் கியர் பெட்டிக்கும் இடையிலான இணைப்பிலோ பெட்டிக்குள்ளேயோ கோளாறு இருக்கலாம். ஓடும்போது குறிப்பிட்ட ஒரு கியரில் மட்டும் 'கரகர' என்ற சத்தம் வந்தால், வேகங்களை ஒத்திசையச் செய்யும் சின்க்ரனைசர் வளையம் அந்தக் கியரில் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். போட்ட கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால், அதற்கும் கிளட்ச் பிளேட்டுக்கும் பொதுவாகத் தொடர்பில்லை.

பல கார்களில் ரிவர்ஸ் கியருக்குச் சின்க்ரனைசர் இருப்பதில்லை. எனவே கார் முழுமையாக நின்ற பின், கிளட்சை மிதித்து இரண்டு, மூன்று நொடிகள் பொறுத்து ரிவர்ஸ் போட்டால் சத்தம் எழாது. ரிவர்சில் மட்டும் வரும் சத்தத்துக்காக உடனே கியர் பெட்டியைப் பிரிக்க வேண்டியதில்லை.

சத்தம் எழும் நேரமும் ஒரு குறிப்பே. பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங் பழுதாகியிருக்கலாம். நியூட்ரலில் காலை எடுத்திருக்கும்போது வந்து, மிதித்ததும் மறைந்தால் கியர் பெட்டியின் உள்ளீட்டுத் தண்டில் உள்ள பேரிங் பழுதாகியிருக்கலாம். புறப்படும்போது கார் உதறினால் பிளேட்டில் எண்ணெய் படிந்திருப்பதையும், பிளைவீல் சீரற்றுப் போயிருப்பதையும், என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் உடைந்திருப்பதையும் சோதிக்க வேண்டும்.

நெரிசலில் செய்ய வேண்டியவை

முன்னால் உள்ள வாகனம் ஓரடி நகர்ந்தால் தானும் ஓரடி நகரும் பழக்கமே ஷில்பாட்டா போன்ற சந்திப்புகளில் கிளட்சின் முதல் எதிரி. ஒரு காரின் நீளத்துக்கு இடைவெளி விழும் வரை காத்திருந்து, முதல் கியரில் புறப்பட்டு, கிளட்சில் இருந்து காலை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். ஆக்சிலேட்டர் இன்றியே கார் மெதுவாக ஊர்ந்து செல்லும். அந்த இடைவெளியில் மற்றொரு வாகனம் நுழைந்துவிடும் என்ற அச்சம் இயல்பானதே. எனினும் ஒரு வாகனம் முந்துவதால் ஏற்படும் தாமதம் சில நொடிகள் மட்டுமே.

சிக்னலில் கியரைப் போட்டு கிளட்சை மிதித்தபடி நிற்பதால் பிளேட் தேயாது என்றாலும், ரிலீஸ் பேரிங் தொடர்ந்து அழுத்தத்துக்கு உள்ளாகிறது. நியூட்ரலுக்கு மாற்றி ஹேண்ட் பிரேக் போடுவதே சரியான முறை. ஓடும்போது இடது காலைப் பெடல் மீது ஓய்வாக வைத்திருப்பதும், கையை எப்போதும் கியர் லீவர் மீது வைத்திருப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை. காலின் சிறு சுமையும் கிளட்சின் பிடியைத் தளர்த்தக்கூடும். கையின் சுமை கியர் பெட்டியின் உள் பாகங்களைத் தேய்க்கும்.

ஏற்றமும் இறக்கமும்

கடல் மட்டத்தில் இருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் உள்ள மாத்தேரானுக்கு நேரலில் இருந்து ஏறும் பாதையில், வளைவில் நிற்கும் கார் பின்னோக்கி உருளும் என்ற பயத்தில் ஆக்சிலேட்டரை அதிகமாக மிதித்து ஹாஃப் கிளட்சில் தவிப்போர் பலர். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, முதல் கியரில் கிளட்சை மெதுவாக விட்டு, காரின் முன்பகுதி சற்று எழும்புவதை உணர்ந்ததும் ஆக்சிலேட்டரைக் கூட்டியபடி ஹேண்ட் பிரேக்கை விடுவிப்பதே முறை.

இந்தத் திறன் சட்டப்படியே எதிர்பார்க்கப்படுவது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், ஓட்டுநர் உரிமத் தேர்வு குறித்த 15-ஆவது விதி, செங்குத்தான ஏற்றத்தில் வாகனத்தை நிறுத்தி, பின்னோக்கி உருளாமல் மீண்டும் புறப்படச் செய்வதைத் தேர்வில் இடம்பெற வேண்டியவற்றுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. இறக்கத்தில் விரைவாகக் கீழ் கியருக்கு மாற்றும் திறனும் அதே விதியில் இடம்பெற்றுள்ளது.

இறக்கத்துக்கான அந்த நிபந்தனை ஏட்டளவிலானது அல்ல. 2022 நவம்பர் 20 அன்று புனேயின் நவலே பாலம் அருகே, மும்பை - பெங்களூரு நெடுஞ்சாலை இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்த கனரக வாகனம் ஒன்று இருபதுக்கும் மேற்பட்ட வாகனங்கள் மீது மோதியது. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக ஓட்டுநர் இறக்கத்தில் என்ஜினை அணைத்திருந்தது முதற்கட்ட விசாரணையில் தெரியவந்ததாகக் காவல்துறை அப்போது தெரிவித்தது.

என்ஜின் அணைந்தால் கனரக வாகனங்களில் பிரேக்குக்கான காற்றழுத்தம் மீண்டும் நிரம்பாது. கார்களில் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணை விசை குறைந்துவிடும். என்ஜினை அணைக்காமல் நியூட்ரலில் உருள்வதும் ஆபத்தே. அப்போது காரைக் கட்டுப்படுத்தும் சுமை முழுவதும் பிரேக் மீது விழுந்து, அது சூடேறிப் பிடிப்பை இழக்கக்கூடும்.

இதனால் எரிபொருள் மிச்சமாகும் என்பதும் தவறான எண்ணம். தற்போதைய கார்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து இறங்கும்போது எரிபொருள் தெளிப்பு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ என்ஜின் தொடர்ந்து ஓட எரிபொருள் செலவாகிறது. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது என்ற பழைய நடைமுறை இன்றும் பாதுகாப்பானது.

மழைநீரில் கவனம்

மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் போன்ற தாழ்வான இடங்களில் கனமழையின்போது நீர் தேங்குவது வழக்கம். ஆழம் தெரியாத நீரில் காரை இறக்காமல் இருப்பதே முதல் அறிவுரை. தவிர்க்க இயலாமல் ஆழமற்ற நீரைக் கடக்க நேர்ந்தால், முதல் கியரில், சீரான வேகத்தில், இடையில் கிளட்சை மிதிக்காமல் கடக்க வேண்டும். நீரில் என்ஜின் நின்றுவிட்டால் மீண்டும் இயக்க முயலக் கூடாது. நீர் உட்புகுந்த என்ஜினை இயக்குவது கிளட்சை விடப் பன்மடங்கு செலவு வைக்கும்.

நீரில் நனைந்த கிளட்ச் சற்று நேரம் வழுக்கலாம். உலர்ந்த பின்னும் அது தொடர்ந்தால் பணிமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஈரத்தில் பல நாள்கள் நிறுத்திவைக்கப்பட்ட காரில் பிளேட் துருவால் பிளைவீலுடன் ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பல கார்களில் பிரேக்கும் கிளட்சும் ஒரே கலத்தில் இருந்தே திரவத்தைப் பெறுகின்றன. எனவே கிளட்ச் பெடல் தளர்ந்து தரையைத் தொட்டால், பிரேக் திரவத்தின் அளவையும் உடனே பார்ப்பது அவசியம்.

பணிமனையில் கேட்க வேண்டியவை

கிளட்சை மாற்றக் கியர் பெட்டியைக் கழற்ற வேண்டும் என்பதால், கூலியே செலவில் கணிசமான பங்கு வகிக்கிறது. ஆகவே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது சிக்கனமானது. கழற்றிய பழைய பாகங்களைக் காட்டுமாறு கேட்க வேண்டும். பிளைவீலின் மேற்பரப்பையும் ஆயில் சீலையும் அப்போதே சோதிக்கச் சொல்ல வேண்டும். கசியும் சீலை விட்டுவிட்டுப் புதிய பிளேட் பொருத்தினால், அதிலும் விரைவில் எண்ணெய் படியும். பயன்பாட்டுத் தேய்மானத்தைக் கார் உத்தரவாதம் பொதுவாக ஏற்பதில்லை.

பழைய கார் வாங்குவோர், முன்புறம் காலியாக உள்ள சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை முழுமையாகப் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விட்டுப் பார்க்கலாம். என்ஜின் உடனே நின்றால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. இந்தச் சோதனையே பிளேட்டைத் தேய்க்கும் என்பதால் ஒருமுறைக்கு மேல் செய்யக் கூடாது.

தானியங்கி கார் தீர்வாகுமா?

2014-ஆம் ஆண்டு மாருதி சுசுகி செலேரியோ மூலம் குறைந்த விலைக் கார்களுக்கு ஏஎம்டி முறை அறிமுகமானது. இதில் கிளட்ச் பெடல் இல்லை, ஆனால் கிளட்ச் பிளேட் உண்டு. கால் செய்த பணியை ஓர் இயந்திரக் கை செய்கிறது. ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரால் மட்டும் காரை நிறுத்திவைத்தால் இதிலும் பிளேட் தேயும்.

பழக்கம் மாறும்போதும் எச்சரிக்கை தேவை. 2024 டிசம்பர் 9 அன்று குர்லாவில் பெஸ்ட் மின்பேருந்து மோதிப் பலர் உயிரிழந்த விபத்து, கிளட்ச் உள்ள வாகனங்களுக்குப் பழகிய ஓட்டுநர்கள் கிளட்ச் இல்லாதவற்றுக்கு மாறும்போது எவ்வளவு பயிற்சி தேவை என்ற கேள்வியை எழுப்பியது. தானியங்கி காருக்கு மாறுவோர், காலியான இடத்தில் போதிய பயிற்சி பெற்ற பின்னரே நெரிசலில் இறங்க வேண்டும். பிரேக், ஆக்சிலேட்டர் இரண்டையும் வலது காலாலேயே இயக்கி, இடது காலுக்கு முழு ஓய்வு அளிக்க வேண்டும்.

கியர் உள்ள காரைத் தொடர்ந்து ஓட்டுவோர் புறப்படும் ஓரிரு நொடிகளுக்கு மட்டும் ஹாஃப் கிளட்சைப் பயன்படுத்துவது, நிற்கும்போது நியூட்ரலுக்கு மாற்றுவது, இறக்கத்தில் கியரிலேயே இறங்குவது ஆகிய மூன்று பழக்கங்களைக் கடைப்பிடித்தாலே கிளட்ச் நீண்ட காலம் உழைக்கும்.