சாப்பாட்டுக்கும் ஒரு நிபுணரா?

"சாப்பிடச் சொல்லித் தரவும் ஓர் ஆளா? அதற்குப் பணம் வேறு கொடுக்க வேண்டுமா?"

உணவு நிபுணரைப் பார்த்து வரும்படி டாக்டர் சொன்னால், பல வீடுகளில் எழும் முதல் கேள்வி இது. ஆஸ்பத்திரியில் இவரை 'டயட்டீஷியன்' என்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். எல்லோருக்கும் இவர் தேவை இல்லை. நோய் ஒன்றும் இல்லை, கொஞ்சம் தொந்தி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றால், வடையையும் முறுக்கையும் குறைத்து, மாலையில் வேகமாக நடந்து பார்க்கலாம். இதைக் கேட்கப் பணம் கட்ட வேண்டியதில்லை.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், இந்தியர்களுக்கான உணவு யோசனைகளை 2024-ல் வெளியிட்டது. (இந்த நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில். 1918-ல் அங்கே ஒரே ஓர் அறையில் தொடங்கி, 1958-ல் ஐதராபாத்துக்குப் போயிற்று.) உப்பு, எண்ணெய், சர்க்கரையைக் குறைக்க வேண்டும், காய்கறி, பருப்பைக் கூட்ட வேண்டும். நல்ல உடம்புக்காரர்களுக்கு அந்த யோசனைகளே போதும்.

ஆனால், வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் வந்து, அது சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டால் கதை வேறு.

இளநீரும் ஆபத்து!

அப்படிப்பட்ட ஒரு வீட்டை எடுத்துக் கொள்வோம்.

"என்னங்க, வெயில் கொளுத்துது. ஓர் இளநீர் குடிங்க. உடம்புக்குக் குளிர்ச்சி" என்கிறாள் மனைவி.

"தினமும் கீரை சாப்பிடு தம்பி" என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

"அப்பா, இது சோடியம் குறைந்த உப்பாம்" என்று மகன் கடையிலிருந்து ஒரு பாக்கெட் வாங்கி வருகிறான்.

எல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆனால் இளநீரிலும் கீரையிலும் பொட்டாசியம் என்ற சத்து நிறைய இருக்கிறது. சோடியம் குறைந்த உப்பிலும் பெரும்பாலும் அதைத்தான் கலக்கிறார்கள். நல்ல சிறுநீரகம், மிஞ்சிய பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். கெட்டுப்போன சிறுநீரகத்தால் அது முடியாது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பொட்டாசியம் சாதாரணமாக 3.5 முதல் 5 வரை இருக்கும். அது மிகவும் ஏறினால் இதயம் நின்று போகலாம்!

எல்லாச் சிறுநீரக நோயாளிகளுக்கும் ஒரே கணக்கு அல்ல. ஆரம்ப நிலையில் சிலருக்கு இந்தக் கட்டுப்பாடே வேண்டியதில்லை. சீட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் குறையும். காயே கூடாது என்று மிரட்டாமல், இப்படி வழி சொல்பவர்தான் நிபுணர்.

இன்னொரு விசித்திரம். பருப்பு, முட்டை, மீன் இவற்றில் உள்ள புரதத்தை, நோய் முற்றி வரும்போது அளவாகச் சாப்பிடச் சொல்வார்கள். டயாலிசிஸ் தொடங்கியதும் அதையே கூட்டச் சொல்வார்கள். வீட்டார் திகைத்துப் போவார்கள். இரண்டும் சரிதான். டயாலிசிஸ் செய்யும்போது புரதமும் கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. அதை ஈடுகட்ட வேண்டும்.

சர்க்கரை மட்டும் உள்ளவர்களிடமும் ஒரு மயக்கம் உண்டு. "சோற்றையே நிறுத்திவிட்டேன். மூன்று வேளையும் கேழ்வரகுக் களிதான்!" என்று பெருமைப்படுவார்கள். கேழ்வரகு நல்லதுதான், சுண்ணாம்புச் சத்து ஏராளம். ஆனால் 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம் என்றால், கேழ்வரகிலும் சுமார் 70 கிராம் இருக்கிறது. வயிறு முட்டத் தின்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண்களும், எடை ஏறாத குழந்தைகளும் நிபுணரிடம் போக வேண்டியவர்களே.

யார் போவது?

பல வீடுகளில் நோயாளி மட்டும் போய்ச் சீட்டு வாங்கி வருகிறார். அடுப்படியில் நிற்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. சீட்டு காலண்டருக்குப் பின்னால் தொங்குகிறது! சமைப்பவரும் கூடப் போக வேண்டும்.

மூன்று நாள் சாப்பிட்டதை ஒளிக்காமல் எழுதிக்கொண்டு போவது நல்லது. டீக்கடை பஜ்ஜியும் அதில் இருக்க வேண்டும். மருந்துச் சீட்டும் அவசியம். இன்சுலின் போடுகிறவர் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால், சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும்.

நல்ல நிபுணர் முதலில் கேள்விதான் கேட்பார். என்ன வேலை, வீட்டில் எத்தனை பேர், மாதம் எவ்வளவு செலவழிக்க முடியும் என்றெல்லாம் விசாரிப்பார். கம்பும் கத்தரிக்காயும் வாங்குகிற வீட்டுக்கு ஆப்பிளும் ஓட்ஸும் எழுதித் தந்து பயன் என்ன?

உட்கார்ந்த ஐந்தாம் நிமிடத்தில் மாவு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைக்கிறாரா? "மாத்திரையை நிறுத்துங்கள், நான் குணப்படுத்துகிறேன்" என்கிறாரா? உடனே எழுந்து வந்துவிடலாம். ஊட்டச்சத்துப் படிப்பில் பட்டம் பெற்றவரா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். மருத்துவம் சார்ந்த தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-ல் வந்த மத்திய அரசின் சட்டத்தில் இந்தத் தொழிலும் சேர்ந்திருக்கிறது.

ஒரே தடவை போய்விட்டு வந்தால் போதாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அதை எடுத்துக்கொண்டு மறுபடி போக வேண்டும். எண் இறங்கியிருந்தால் கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைத்தது. இறங்கவில்லை என்றால், எந்த வேளைச் சாப்பாட்டில் கோளாறு என்று அந்தச் சீட்டை மேஜைமேல் வைத்தே கேட்டுவிடலாம்.