எழுதியது எங்கே போகிறது?

கதை, நாட்குறிப்பு, பள்ளிக் கட்டுரை எழுத இணையத்திலேயே நோட்டுகள் இருக்கின்றன, தெரியுமா? எதையும் கம்ப்யூட்டரில் நிறுவ வேண்டாம். பிரவுசரைத் திறந்தால் வெள்ளைத்தாள் மாதிரி ஒரு பக்கம் வரும். எழுத வேண்டியதுதான்! இவற்றில் பெயர் பெற்ற கூகுள் டாக்ஸ், 2005ல் 'ரைட்லி' என்ற பெயரில் பிறந்தது. 2006ல் அதை கூகுள் வாங்கியது.

இப்படி ஏராளமான நோட்டுகள் உண்டு. கலர், எழுத்து வடிவமெல்லாம் அப்புறம். நீங்கள் எழுதியது எங்கே சேமிக்கப்படுகிறது? அதை முதலில் பாருங்கள்.

பெயர், கடவுச்சொல் கேட்காத பல நோட்டுகளில், எழுதியது உங்கள் கம்ப்யூட்டரிலேயே, பிரவுசர் ஒதுக்கும் சின்ன இடத்தில் தங்கும். பொதுவாக சுமார் 5 எம்.பி. நமக்கு அது தாராளம்! ஆனால், யாராவது 'சுத்தம் செய்கிறேன்' என்று பிரவுசரின் தகவல்களை அழித்தால், அம்மாவுக்கு நீங்கள் எழுதிய பிறந்தநாள் கவிதையும் சேர்ந்து போய்விடும். 'இன்காக்னிட்டோ' ஜன்னலில் எழுதினால், அதை மூடியதுமே காலி. பள்ளிக் கம்ப்யூட்டரில் இன்னொரு வம்பு. அடுத்து உட்காருபவர் அதே பக்கத்தைத் திறந்தால் உங்கள் நாட்குறிப்பைப் படித்துவிடுவார்!

இன்னொரு வகை, கணக்குத் தொடங்கச் சொல்லும். (அப்பா, அம்மாவைக் கேட்டுத் தொடங்குங்கள்.) எழுதியது அந்த நிறுவனத்தின் சர்வரில் இருப்பதால், எந்தக் கம்ப்யூட்டரிலும் எடுக்கலாம். பொதுக் கம்ப்யூட்டர் என்றால் 'லாக் அவுட்' செய்ய மறக்காதீர்கள். கூகுள் டாக்ஸில் முந்தைய பதிப்புகளும் இருக்கும். தவறுதலாக அழித்த பத்தியை மீட்டுவிடலாம். தினமும் எழுதுகிறவர்களுக்கு இந்த வகைக்கே என் ஓட்டு.

கணக்குக் கேட்காத நோட்டா? ஒரு வரி எழுதி, பக்கத்தை மூடி, திரும்பத் திறங்கள். வரி காணோமா? அது வேண்டவே வேண்டாம். இருக்கிறதா? அதே முகவரியை வேறு கம்ப்யூட்டரில் திறங்கள். அங்கே தெரியாவிட்டால், எழுத்து முதல் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது. தெரிந்தால், முகவரி தெரிந்த யாரும் படிக்கலாம். ரகசியம் எழுதாதீர்கள்! எதுவானாலும் முக்கியமானதை டவுன்லோடு செய்து பென் டிரைவில் ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழுக்கும் ஒரு சோதனை. எழுத்து எண்ணிக்கை காட்டும் நோட்டில் 'தமிழ்' என்று தட்டுங்கள். நமக்கு 3 எழுத்து. பல நோட்டுகள் 5 என்று காட்டும்! 'மி'யின் கொக்கியையும் 'ழ்' மேலுள்ள புள்ளியையும் தனித்தனி எழுத்தாக எண்ணிவிடும். அதனால் கட்டுரைப் போட்டிக்கு எழுதும்போது சொற்களின் எண்ணிக்கையை மட்டும் பாருங்கள்.